பழைய கடன் இருந்தால் அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா? முதன்முறை விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் வேலை தேடும் நம்மவர்கள், அதிலும் அண்மையில் குடியுரிமை வாங்கியவர்கள், என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். வேலை பிடித்திருக்கும், சம்பளமும் நன்றாக இருக்கும். விளம்பரத்தின் கடைசி வரியில் ‘சீக்ரெட் கிளியரன்ஸ் பெறும் தகுதி வேண்டும்’ என்று போட்டிருப்பார்கள். வேலை போன சமயத்தில் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு உடனே நினைவுக்கு வரும். சிலர் அந்த இடத்திலேயே விண்ணப்பத்தை மூடிவிடுகிறார்கள். சிலர் அந்தக் கடனை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கிறார்கள். மூடிவிடுவதற்குத் தேவையே இல்லை. எழுதாமல் விடுவதோ, கடனால் வராத கெடுதலைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்தத் தொகை வரை கடன் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று விதியில் எங்கும் எழுதப்படவில்லை. கடன் எப்படி வந்தது, வந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், கேட்டபோது உண்மையைச் சொன்னீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். கீழே சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் இந்த மூன்றுக்கும் காகிதத்தோடு பதில் தயார் செய்வதற்கானவை.

முதலில் சில அடிப்படைகள்

செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்பது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரப்படும் அனுமதி. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று நிலைகள் உண்டு. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். கிரீன் கார்டு போதாது. நீங்களாகப் போய் விண்ணப்பிக்கவும் முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசுத் துறையோ உங்களை ஸ்பான்சர் செய்ய வேண்டும். பின்னணி விசாரணைகளில் பெரும்பகுதியை டிசிஎஸ்ஏ என்ற பாதுகாப்புத் துறை அமைப்பு 2019 முதல் நடத்திவருகிறது.

முடிவெடுப்பதற்கான அளவுகோல் ‘சீட்-4’ என்ற உத்தரவில் இருக்கிறது. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள அந்த உத்தரவில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. பண விஷயம் எஃப் பிரிவில் வருகிறது. ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்குகளைத் தீர்மானிக்கும் டோஹா என்ற அமைப்பு, பெயர்களை நீக்கிவிட்டுத் தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடுகிறது. அவற்றில் பத்துப் பதினைந்தைப் படித்துப் பாருங்கள். எந்த மாதிரிக் கடனாளி தேறினார், எவர் தேறவில்லை என்பது பிடிபட்டுவிடும்.

கடனை ஏன் இவ்வளவு துருவுகிறார்கள் என்று கேட்டால், அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்டன் 1979-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். 1980-ல் சோவியத் தூதரகத்தை அணுகி, தனக்குத் தெரிந்த ரகசியங்களை விற்றார். சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்துச் செலவிலும் கடனிலும் சிக்கியிருந்த 1985-ல் இதே வழியில் போனார். பிறகு சம்பளத்துக்குப் பொருந்தாத வகையில் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார், ஜாகுவார் கார் ஓட்டினார். 1994-ல் கைதாகும்வரை அதை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அதனால்தான் எஃப் பிரிவு கடனை மட்டுமல்லாமல், எங்கிருந்து வந்தது என்று தெரியாத செல்வத்தையும் சந்தேகத்தோடு பார்க்கிறது. பண நெருக்கடியில் இருப்பவர் தவறான வழிக்கு இழுக்கப்படலாம் என்பது ஒரு கவலை. சொந்தப் பொறுப்பில் அலட்சியமாக இருப்பவர் ரகசியத்திலும் அலட்சியமாக இருப்பாரோ என்பது மற்றொன்று.

படி 1: உங்கள் கணக்கை அவர்களுக்கு முன் நீங்கள் பாருங்கள்

ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் நிறுவனங்களிடமிருந்தும் கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகும், எனவே மூன்றையும் எடுக்க வேண்டும். கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். விசாரணைக்கு வேண்டியது ஸ்கோருக்குக் கீழே இருக்கும் வரிகள்: எந்தக் கணக்கு, எந்த மாதம் தவறியது, கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போனதா, ‘சார்ஜ் ஆஃப்’ என்று போட்டிருக்கிறதா.

சார்ஜ் ஆஃப் பற்றித் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வங்கி தன் புத்தகத்தில் அதை வாராக்கடன் என்று எழுதிக்கொண்டது என்பதுதான் அதன் பொருள். உங்கள் கடன் அப்படியே நிற்கிறது. ஏழு ஆண்டு கழித்து ரிப்போர்ட்டிலிருந்து தானாக உதிர்ந்துபோன கடனுக்கும் இதே நிலைதான். மேரிலாந்து போன்ற மாநிலங்களில் மூன்று ஆண்டுக்குப் பிறகு சாதாரணக் கடனுக்காக வழக்குப் போட முடியாமல் போகலாம். ஆனால், ‘காலாவதி ஆகிவிட்டது, இனிக் கட்டத் தேவையில்லை’ என்ற வாதம் கிளியரன்ஸ் விசாரணையில் எடுபடாது. காலாவதிக்காகக் காத்திருப்பதை நேர்மையான முயற்சியாக ஏற்க முடியாது என்று டோஹாவின் மேல்முறையீட்டு வாரியம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் உங்களுடையது அல்லாத கடன் இருந்தால் அந்த கிரெடிட் நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. போன கடிதம், வந்த கடிதம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். நியாயமான காரணத்தோடு மறுத்த கடன், எஃப் பிரிவில் உங்களுக்குச் சாதகமான சூழல்களில் ஒன்றாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஆவணம் வேண்டும்.

படி 2: ரிப்போர்ட்டில் தெரியாத கடன்களைத் தேடுங்கள்

நம்மவர்கள் இந்தப் படியில் நிதானமாக இருக்க வேண்டும். எஸ்எஃப்-86 என்ற விண்ணப்பப் படிவம் அமெரிக்கக் கடன்களைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. எந்தக் கடனும் என்றே கேட்கிறது. நீங்கள் கடனாளியாக இருப்பதை மட்டுமல்ல, இன்னொருவர் கடனுக்கு இணைக் கையெழுத்தோ ஜாமீனோ போட்டிருப்பதையும் சேர்த்துக் கேட்கிறது.

எம்எஸ் படிக்க வரும்போது ஊரில் வாங்கிய கல்விக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்கத் தாமதமானதில் சில தவணைகள் தவறியிருக்கும். வங்கிக்காரர் அப்பாவுக்கு போன் செய்திருப்பார். அப்பா உங்களிடம் சொல்லாமல் கொஞ்சம் கட்டியிருப்பார், கொஞ்சம் நின்றிருக்கும். அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட்டில் இதன் சுவடே தெரியாது. அதனால் மறந்துபோவது எளிது. பின்னால் நேர்காணலில் வெளிவந்தால், மறந்தீர்களா மறைத்தீர்களா என்ற கேள்வி உங்கள் தலையில் விழும். இந்தியாவில் சிபில் ரிப்போர்ட்டை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். எடுத்துப் பாருங்கள். கடன் முடிந்திருந்தால் வங்கியிடம் நிலுவையில்லாச் சான்று கேட்டு வாங்குங்கள்.

மச்சானின் தொழில் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, சீட்டு எடுத்த நண்பருக்குப் போட்ட ஜாமீன், உங்கள் பெயரில் வைத்த நகைக்கடன், பத்திரம் எழுதாத கைமாற்று என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அத்தனையும் படிவத்துக்குப் போகாது. தவணை தவறாமல் ஓடும் கடன் பிரச்சினையே இல்லை. ஆனால் தவறியது எது என்று தெரிய வேண்டுமானால் முழுப் பட்டியல் முன்னால் இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள் அல்லவா? வெளிநாட்டுக் குடிமக்களுக்கு எப்போதாவது பண உதவி செய்ததுண்டா என்று படிவத்தின் 20-ஆம் பகுதி கேட்கிறது. கடன் என்ற தலைப்பில் அது வராது, வெளிநாட்டுத் தொடர்பு என்ற தலைப்பில் வரும். அம்மாவின் மருந்துச் செலவுக்கு அனுப்புவதில் குற்றம் எதுவும் இல்லை. எழுதிவிடுங்கள்.

மருத்துவக் கடனையும் மறக்க வேண்டாம். 500 டாலருக்குக் குறைவான மருத்துவ நிலுவைகளை மூன்று கிரெடிட் நிறுவனங்களும் 2023-ல் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. ரிப்போர்ட்டில் இல்லை என்பதால், அந்த பில் கலெக்‌ஷனுக்குப் போகவில்லை என்று ஆகிவிடாது.

படி 3: வரியை முதலில் சரிசெய்யுங்கள்

எல்லாக் கடனும் ஒரே எடை கொண்டவை அல்ல. கிரெடிட் கார்டு பாக்கியைவிட வரி பாக்கியை மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாதது அதைவிடக் கடுமை. அரசின் எளிய விதியையே பின்பற்றாதவர் ரகசியக் காப்பு விதிகளை எப்படிப் பின்பற்றுவார் என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

எனவே விட்டுப்போன ஆண்டுகளின் கணக்கை உடனே தாக்கல் செய்யுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் படிவம் 9465 மூலமோ இணையத்திலோ தவணை ஒப்பந்தம் கேளுங்கள். வரி அலுவலகத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு அதன்படி கட்டிவருவது எஃப் பிரிவில் தனியாகவே சாதகச் சூழலாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஐஆர்எஸ் தளத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற வரிக்கணக்குப் பதிவை இறக்கிக்கொள்ளுங்கள். ‘கட்டிவிட்டேன்’ என்று நீங்கள் சொல்வதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று இங்கேயும் இருக்கிறது. என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அமெரிக்காவில் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். இதுவரை செய்யாதவர்கள், விண்ணப்பிக்கும் முன் இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரைப் பாருங்கள்.

அரசின் கல்விக் கடனும் இந்த வரிசையில் அடுத்து வரும். அது 270 நாள் கட்டாமல் போனால் டிஃபால்ட் ஆகிவிடும். மீட்டெடுக்க ‘ரீஹேபிலிட்டேஷன்’ என்ற வழி இருக்கிறது: 10 மாதத்தில் 9 தவணை ஒழுங்காகக் கட்ட வேண்டும். ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும் என்பதால் இன்றே தொடங்குவது நல்லது. குழந்தைப் பராமரிப்புத் தொகை, நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பாக்கி, கடனுக்காகச் சொத்து மீது பதியப்பட்ட உரிமை (லீன்) ஆகியவற்றையும் மற்றக் கடன்களுக்கு முன் கவனியுங்கள்.

படி 4: மீதிக் கடன்களுக்கு ஒரு திட்டம்

எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. நியாயமான திட்டம் ஒன்று இருக்கிறதா, அதன்படி உண்மையிலேயே பணம் கட்டத் தொடங்கிவிட்டீர்களா என்பதே கேள்வி. ‘வேலை கிடைத்ததும் கட்டுவேன்’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. மாதம் 75 டாலர் வீதம் எட்டு மாதம் கட்டிய வங்கிச் சான்றுக்கு மதிப்புண்டு. நேரமும் முக்கியம்: அரசு குற்றச்சாட்டுக் கடிதம் அனுப்பிய பிறகு அவசரமாகக் கட்டுவதைவிட, யாரும் கேட்பதற்கு முன் கட்டத் தொடங்கியது பல மடங்கு நிற்கும்.

என் யோசனை, சின்னக் கடன்களை முதலில் முடித்துவிடுங்கள். 60 டாலர் போன் பில்லை ஐந்து வருடம் கட்டாமல் வைத்திருந்தால், பணம் இல்லாததால் அல்ல, மனம் இல்லாததால் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். கட்ட முடியாத நிலையைவிட, முடிந்தும் கட்டாத குணமே எஃப் பிரிவுக்குப் பெரிய கவலை.

தனியாகச் சமாளிக்க முடியவில்லையா? என்எஃப்சிசி கூட்டமைப்பைச் சேர்ந்த லாப நோக்கற்ற கடன் ஆலோசனை மையங்களை நாடுங்கள். ஆலோசனை பெறுவதைப் படிவம் கேட்கும். அதை எழுதினால் பாதகமாகுமோ என்று பயப்பட வேண்டாம், அது உங்களுக்குச் சாதகமான விஷயம். ‘கடன்காரருக்குப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் லாப நோக்க நிறுவனங்களிடம் போகாமல் இருப்பதே மேல். அவர்கள் பேரம் பேசி முடிப்பதற்குள் உங்கள் கணக்குகள் வரிசையாகக் கலெக்‌ஷனுக்குப் போயிருக்கும்.

கடன் கொடுத்தவரிடம் நீங்களே பேசிக் குறைந்த தொகைக்கு முடித்தால் அதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். தள்ளுபடியான தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் 1099-சி என்ற படிவம் வரக்கூடும். அந்தத் தொகை வருமானமாகக் கருதப்படலாம் என்பதால், கடனை முடிக்கப்போய் வரிச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

திவால் மனு பற்றியும் கேட்பார்கள். அது சட்டம் தந்த வழி. கொடுத்தாலே கிளியரன்ஸ் போய்விடும் என்பது உண்மையல்ல. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணை கட்டும் சேப்டர் 13 வகையில் உங்கள் முயற்சி வெளிப்படையாகத் தெரியும். கடன்களை ஒரேயடியாகத் துடைக்கும் சேப்டர் 7 என்றால், எந்தச் சூழலில் அந்த முடிவுக்கு வந்தீர்கள், அதற்குப் பிறகு வரவு செலவு எப்படி இருக்கிறது என்பதை விளக்க வேண்டியிருக்கும்.

படி 5: எஸ்எஃப்-86 படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

பண விஷயம் 26-ஆம் பகுதியில் வருகிறது. பெரும்பாலான கேள்விகள் கடந்த ஏழு ஆண்டுகளைப் பற்றியவை: திவால், தாக்கல் செய்யாத வரி, கலெக்‌ஷனுக்குப் போன பில், திருப்பிப் பறிமுதல் செய்யப்பட்ட கார், கடனுக்காகச் சம்பளப் பிடித்தம், வாடகை பாக்கியால் வீட்டிலிருந்து வெளியேற்றம், 120 நாளுக்கு மேல் தவறிய கடன். சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்ததா என்ற கேள்விக்கு மட்டும் கால வரம்பு இல்லை. அடைத்து முடித்த கடனாக இருந்தாலும் ஏழு ஆண்டுக்குள் தவறியிருந்தால் எழுத வேண்டும். முடித்த தேதியையும் அங்கேயே எழுதலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே விளக்கம் எழுத இடம் இருக்கிறது. நான்கு வரி போதும். ‘2022 மார்ச்சில் வேலை போனது. ஏழு மாதம் வருமானம் இல்லை. அந்தச் சமயத்தில் இந்த கார்டு தவறியது. 2023 ஜனவரியில் தவணை ஒப்பந்தம் போட்டு 2024 மே மாதம் முடித்தேன்.’ வேலையிழப்பு, நோய், மரணம், விவாகரத்து, அடையாளத் திருட்டு போன்று உங்கள் கையை மீறிய காரணங்களை எஃப் பிரிவு ஏற்கிறது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அந்தச் சூழலிலும் நீங்கள் பொறுப்போடு நடந்திருக்க வேண்டும். வேலை போனதைச் சொன்னால் மட்டும் போதாது, போன பிறகு கடன்காரரிடம் பேசினீர்களா, செலவைக் குறைத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

மறைப்பதைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் அது கூட்டரசுக் குற்றம்; ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், கேள்வி எஃப் பிரிவிலிருந்து தனிநபர் நடத்தை பற்றிய இ பிரிவுக்குத் தாவிவிடும். கடனைக் கட்டி முடித்துவிடலாம், பொய்யை எதைக் கொண்டு அடைப்பது? தேறியிருக்க வேண்டிய எத்தனையோ பேர் கடனால் அல்லாமல் ‘இல்லை’ என்று அழுத்திய அந்த ஒரு பதிலால் வேலையை இழந்திருக்கிறார்கள். நினைவு சரியாக இல்லையென்றால் ‘தோராயம்’ என்று குறியுங்கள், படிவத்திலேயே அந்த வசதி உண்டு.

படி 6: விசாரணை நடக்கும்போது

டாப் சீக்ரெட் என்றால் நேர்காணல் கட்டாயம். சீக்ரெட் நிலையிலும் கடன் விஷயம் தென்பட்டால் அழைக்கலாம், அல்லது எழுத்தில் கேள்விகள் அனுப்பி ஆவணம் கேட்கலாம். கடன் வாரியாக ஒரு கோப்பு தயாராக வைத்திருங்கள்: ஒப்பந்தக் கடிதம், கட்டிய ரசீது, இன்றைய பாக்கி. மாத வரவு செலவுக் கணக்கு ஒரு தாளில் இருக்கட்டும். விசாரணை முடியும்வரை தரப்படும் இடைக்கால அனுமதி மறுக்கப்பட்டால் மனம் தளராதீர்கள். அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பது உண்மைதான், ஆனால் இறுதி முடிவு அதைக்கொண்டு எடுக்கப்படுவதில்லை.

பாதகமாகத் தோன்றினால், ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ்’ என்ற குற்றச்சாட்டுக் கடிதம் வரும். கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஏற்றோ மறுத்தோ பதில் அனுப்ப வேண்டும். நீதிபதி முன் நேரில் விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணங்களே போதுமா என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரில் போவதையே நான் சொல்வேன். சாட்சிகளை அழைத்து வரலாம், வழக்கறிஞரை உங்கள் செலவில் வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் மேலாக நீதிபதி உங்கள் வாயாலேயே கேட்பார். எழுத்து வழியைத் தேர்ந்தால் அரசின் ஆவணத் தொகுப்பு வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் பதிலளிக்கக் கிடைக்கும். அதற்குப் பதிலே அனுப்பாமல் விட்டுத் தோற்றவர்களின் தீர்ப்புகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கும். பல வழக்குகளில் நான்கு ரசீது இணைத்திருந்தாலே நிலைமை வேறாக இருந்திருக்கும்.

சந்தேகம் எஞ்சினால் அது தேசப் பாதுகாப்பின் பக்கமே சாயும் என்பது விதி. மறுக்கப்பட்டவர் ஓராண்டு கழித்து, ஸ்பான்சர் இருந்தால், மறுபடி முயலலாம்.

கிடைத்த பிறகு

இப்போது ஐந்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பதில்லை. தொடர் கண்காணிப்பு முறை வந்துவிட்டது, உங்கள் கிரெடிட் பதிவில் புதிய சிக்கல் வந்தால் அவர்களுக்குத் தகவல் போகும். திவால், சம்பளப் பிடித்தம், 120 நாள் தாண்டிய கடன், 10,000 டாலரோ அதற்கு மேலோ திடீரென வந்த பணம் ஆகியவற்றை டாப் சீக்ரெட் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே தெரிவிக்க வேண்டும். ஊரில் பூர்வீக நிலம் விற்று உங்கள் பங்கு வந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரக்கூடும். உங்கள் நிறுவனத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார். வேலையில் சேர்ந்த வாரமே அவரைப் பார்த்து, எதை, எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.